உன்னிச்சைக்குளமும் படுவான்கரை ஊர்களும்

மட்டக்களப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கடல்வழியே வந்து அதனைக் கண்டவராவர். 1602இல் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் ஸ்பில்பேர்கன் இக்கரையில் இறங்கியதும், 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை எழுப்பியதும், 1638இல் அக்கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டதும் நம் மாணவர் நெட்டுருச் செய்யும் செய்திகள். கோட்டைக்கு மேற்கே, வாவிக்கு அப்பால், எவர் வாழ்ந்தனர்? கோட்டையிலிருந்தோர் உண்ட சோற்றுக்கு நெல் எங்கு விளைந்தது? இவ்வினாக்கள் அந்நூல்களின் ஓரங்களிலேயே நிற்கின்றன. ஒரு நாட்டின் வரலாற்றை அதன் துறைமுகத்திலிருந்து எழுதலாம். அதன் குளக்கட்டிலிருந்தும் எழுதலாம். மட்டக்களப்பைப் பொறுத்தவரை இரண்டாவது முறையே உண்மைக்கு அணித்தானது என்பது எமது துணிபு. அதற்கு ஒரு சான்றாக உன்னிச்சைக்குளத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் ஈண்டு ஆராய்வோம்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கடற்புறம் ஞாயிறு எழும் திசையாதலின் எழுவான்கரை எனவும், உட்புறம் ஞாயிறு படும் திசையாதலின் படுவான்கரை எனவும் வழங்கும். திசையைச் சூரியனைக் கொண்டே பெயரிட்ட இவ்வழகிய வழக்கு இந்நாட்டாரிடம் உண்டு. நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. அங்கிருந்து மேற்கே வயல்களினூடு செல்லும் பாதை ஆயித்தியமலையை அடைந்து உன்னிச்சைக்கு ஏகும். இன்று இப்பகுதி மண்முனை மேற்குப் பிரதேச செயலாளர் பிரிவுள் அடங்குவது.

குளம் என்னும் சொல்லைப்பற்றி முதலில் ஒரு வார்த்தை. தஞ்சை நாட்டார்க்குக் குளம் என்றவுடன் கோயிலின் முன்னே படித்துறையோடு கூடிய சிறு நீர்நிலையே நினைவிற்கு வரும். பாசனத்துக்குரியதை அவர் ஏரி என்பர், மதுரை, இராமநாதபுரத்தார் கண்மாய் என்பர். ஈழத்திலோ, நெல்லை நாட்டிற் போல, இரண்டும் குளமே. ஆதலால், 'உன்னிச்சையில் ஒரு குளமுண்டு' என்று கேட்ட அயலூர் மாணவன் தாமரை பூத்த ஒரு சிறு தடாகத்தை எதிர்பார்த்துச் செல்வானாயின் வியப்புறுவான். கண்ணுக்கெட்டிய தூரம் நீர்ப்பரப்பும், அதற்கப்பால் காட்டின் நீலக்கோடும், அதன்மேல் மேற்குமலைகளின் மங்கிய வடிவமுமே அவன் காண்பவை. ஆயினும் அக்குளத்தைச் சூழ, ஒவ்வோர் ஊரும் தனக்கெனக் கொண்ட சிறு குளங்களும் மடுக்களும் பல உள. பெருங்குளத்தின் பெயர் ஏட்டில் ஏறியது. சிறுகுளங்களின் பெயர் ஊரார் நாவில் மட்டும் வாழ்கின்றது.

இக்குளத்துக்கு நீரூட்டும் ஆறு அரசாங்க ஏடுகளில் 'மகலவட்டவான் ஆறு' எனக் காணப்படும். அது மகிழவெட்டுவான் என்னும் ஊர்ப்பெயரின் சிதைவென்று கொள்ளுதல் பொருந்தும். தமிழ்ப்பெயரொன்று ஆங்கில எழுத்துட் புகுந்து மீண்டும் தமிழுக்கு வரும்போது தன்னைத் தானே அறியாது நிற்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. அவ்வாற்றின் வடிநிலம் ஏறத்தாழ 346 சதுரக் கிலோமீற்றர். மகாவலியோடு ஒப்பிடின் இது ஒரு சிற்றாறே. கோடையில் மணலாய்க் கிடப்பது, வடகீழ்ப் பருவக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரையான திங்களில் பெருவெள்ளமாய்ப் பாயும். மட்டக்களப்பில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையின் பெரும்பங்கு இச்சில திங்களிலேயே பெய்து தீர்கின்றது. நான்கு திங்களின் மழையைப் பன்னிரண்டு திங்களுக்குப் பங்கிடுதலே குளத்தின் தொழில். குளக்கட்டு நீரைத் தேக்கும். துருசு அளந்து வாய்க்காலில் விடும். மிகை நீரை வான் கடத்தும். நீர்மட்டம் 33 அடியை எட்டும்போது உன்னிச்சைக்குளம் நிறைந்ததாக வேளாளர் கணிப்பர். அதன்பின் வான்கதவுகளைத் திறந்தனர் என்ற செய்தி பரவும். தாழ்நிலத்தார் தங்கள் நெல்மூடைகளை உயர்த்தி வைப்பர்.

இனி, உன்னிச்சை என்னும் பெயர். மட்டக்களப்பு மான்மியம் என்னும் பழைய தொகுப்பு, எவ். எக்ஸ். சி. நடராசா அவர்களாற் பதிப்பிக்கப்பெற்று 1962இல் வெளிவந்தது. அதன்கண் உன்னரசுகிரி என்னும் ஓரிடமும், அதனை ஆண்ட ஆடகசவுந்தரி என்னும் அரசியும் பேசப்படுகின்றனர். இவ்வரசியே திருக்கோணமலைக் குளக்கோட்டனுடைய கதையிலும் வருபவள். உன்னரசுகிரி என்பதே உன்னிச்சையாயிற்று என்று கருதுவாருளர். கருத்து இனியது, எனினும் ஒலியொப்புமை ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு ஓர் அரசியை ஒரு குளக்கட்டின்மேல் ஏற்றிவிடுதல் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. மான்மியத்திற் கூறப்படும் இன்னோர் அரசகுமாரியாகிய உலகநாச்சியின் கதையைப் பாருங்கள்: கலிங்கத்திலிருந்து புத்தரின் தந்ததாதுவைக் கூந்தலில் மறைத்துக் கொணர்ந்து, அதற்குக் கைம்மாறாக மண்முனையிற் காடு பெற்று நாடாக்கினாள் என்பது. கூந்தலில் தாதுவை மறைத்துக் கொணர்ந்த ஏமமாலையின் கதை சிங்கள மரபிலும் உண்டு. ஒரே கதை ஈரிடத்தில் வேரூன்றியிருக்கின்றது.

அப்படியாயின் இக்கதைகளைத் தள்ளிவிடுவதோ? அன்று. ஆடகசவுந்தரி எந்த ஆண்டில் ஆண்டாள் என்பதற்கு மான்மியம் சான்றாகாது. ஆனால் இந்நாட்டு மக்கள் தங்கள் நிலவுரிமையை எவ்வாறு நினைந்தனர் என்பதற்கு அது தலையாய சான்று. காடு வெட்டியது, குளந் திருத்தியது, கோயில் எடுத்தது என்னும் மூன்றுமே அக்கதைகளில் ஆட்சிக்கு அடையாளம். போரில் வென்றதைக்காட்டிலும் நிலத்தைத் திருத்தியதே அங்குப் பெருமையாகப் பேசப்படுகின்றது. வேளாண்மை செய்யும் மக்களின் வரலாற்றுணர்வு இவ்வாறிருத்தல் இயல்பே. அத்துடன், அக்கதைகளில் முன்னிற்போர் அரசியராதலும் கருதத்தக்கது. தாய்வழிக் குடிமுறை இன்றும் நிலவும் ஒரு நாட்டில் நாடமைத்தவர் பெண்டிராய் நினைக்கப்படுதல் தற்செயலன்று.

கதைகளைவிட உறுதியான ஏடு ஒன்று இங்குண்டு. அஃது ஊர்ப்பெயர்கள். வாவிக்கரையிலிருந்து உன்னிச்சை நோக்கி மேற்கே நடப்பவன் அவ்வேட்டை வரிசையாக வாசித்துச் செல்லலாம். வாவியை ஒட்டியவை வவுணதீவு, ஈச்சந்தீவு, குறிஞ்சாமுனை, கன்னன்குடா. தீவு, முனை, குடா என்னும் ஈறுகள் அனைத்தும் நீரின் விளிம்பை உரைப்பன. தீவென வழங்குவனவற்றுட் சில கோடையில் தீவாகத் தோன்றா; மாரிவெள்ளத்தின்போது சென்று பார்த்தாற் பெயரின் உண்மை விளங்கும். சற்று உள்ளே விளாவெட்டுவான், மகிழவெட்டுவான் என்பன. மரப்பெயரோடு வெட்டுவான் என்பதைச் சேர்த்துப் பெயரிடுதல் இந்நாட்டு வழக்கு. இதனை 'வட்டவான்' என்றும் எழுதுவர். வெட்டி எடுத்த நீர்நிலையைக் குறித்த சொல்லென்பது எமது எண்ணம். விளாமரத்தடியில் ஒன்று, மகிழமரத்தடியில் ஒன்று. அதற்கப்பால் பாவற்கொடிச்சேனை, பருத்திச்சேனை, சற்று வடக்கே இலுப்படிச்சேனை. சேனை என்பது காட்டை எரித்து, ஓரிரு போகம் விதைத்து, பின் விட்டுச்செல்லும் பயிர்நிலம். சேனை ஊரானதென்றால், விட்டுச்செல்ல வேண்டியவர் விடாது தங்கிவிட்டனர் என்பது பொருள். நெடியமடு, இருநூறுவில் என்பவற்றில் மடுவும் வில்லும் இயற்கையாய் நீர் தேங்கும் பள்ளங்கள். ஈற்றில் மலையும் காடும்: ஆயித்தியமலை, கரடியனாறு. ஆயித்தியமலை என்பதனை ஆதித்தியமலையின் மரூஉவாகக் கொள்ளின், ஞாயிறு படும் கரையில் ஞாயிற்றின் பெயர் தாங்கிய மலையொன்று நிற்பதாகும். இதனைக் கருதுகோளாகவே கூறுகின்றோம்.

இவ்வாறு நீர்விளிம்பு, வெட்டிய நீர்நிலை, எரித்த காடு, பள்ளம், மலை என நிலத்தின் இயல்பும் மக்கள் மேற்கே முன்னேறிய வழியும் பெயர்களிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. இப்பெயர்களுட் சாதிப்பெருமையோ மன்னர் பட்டமோ கிடையாது; விளாவும் மகிழும் பாவற்கொடியும் இலுப்பையும் குறிஞ்சாவுமே உள. மணிபுரம், காந்திநகர் போன்ற பெயர்களைக் கேட்டவுடன் அவை பிற்காலக் குடியேற்றங்கள் என்று எவரும் அறிவர். 'ஆறாம் கட்டை', 'எட்டாம் கட்டை' என மைற்கல்லே ஊர்ப்பெயரானதும் உன்னிச்சைப் பகுதியில் உண்டு. பாதை வந்தபின் பிறந்த ஊருக்கு மரத்தைப் பார்த்துப் பெயரிட நேரமிருக்கவில்லைபோலும்! இவ்வூர்களின் வயல்வெளிகள் ஒவ்வொன்றும் வட்டை எனப்படும். ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு பெயருண்டு. நில அளவைக் காணி இலக்கங்கள் வழக்கில் வந்தபின் அப்பெயர்கள் முதியோரிடமே தங்கியுள்ளன. எம் மாணவருட் படுவான்கரையைச் சேர்ந்தோர் விடுமுறையில் அவற்றைக் கேட்டெழுதி வருவாராயின், எந்தப் பட்டத்துக்குரிய ஆராய்ச்சிக்கும் குறையாத பணியாக அது அமையும்.

ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். பழைய குளங்களை மீளத் திருத்தும் பணி, தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில் இயற்றப்பட்ட 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டத்தோடு தொடங்கியது. பழைய வழமைகளின்படி நீரைப் பங்கிடுவதற்குச் சட்டவலிமை அளித்ததே அதன் சிறப்பு. வார்ட் முதலிற் கைவைத்த இடங்களுள் மட்டக்களப்பு நாட்டின் தென்பாகத்திலிருந்த இறக்காமமும் அம்பாறையும் அடங்கும். அவ்வழியிலேயே பின்னர் உறுகாமம், உன்னிச்சை முதலிய மேற்குக் குளங்களும் திருத்தம் பெற்றன. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1921இல் எஸ். ஓ. கனகரத்தினம் எழுதிய மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய ஆங்கில நூலும், 1964இல் வெளிவந்த பண்டிதர் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழக'மும் இந்நாட்டை அறிய விழைவோர் கற்கவேண்டியவை. முன்னது அரசாங்க அலுவலரின் கண்ணாலும், பின்னது புலவரின் கண்ணாலும் ஒரே நிலத்தைப் பார்க்கின்றன. இரண்டையும் ஒருங்குவைத்துப் படிப்பார்க்கே முழு வடிவம் கிட்டும்.

ஆங்கிலேயர் செய்த நன்மையை மறைத்தல் கூடாது. எனினும், குளத்தைத் திருத்தியது மக்களின் பசியை மட்டும் எண்ணியன்று. நெல்விளைவின்மீது விதிக்கப்பட்ட தானியவரி 1892இல் நீக்கப்படும்வரை அரசின் வருவாய்களுள் ஒன்றாயிருந்தது. நீர் வந்தால் விளைவு வரும். விளைவு வந்தால் வரி வரும்.

குளத்தின் கீழ் எழுந்த வாழ்க்கைமுறையே யாம் விரிவாகக் கூற விரும்புவது. நிலவுடைமையாளராகிய போடியாருட் பலர் எழுவான்கரையிலுள்ள ஊர்களில் இருந்தனர். அவர்தம் வயல்களோ படுவான்கரையில் இருந்தன. விதைப்புக் காலம் வந்ததும் வள்ளங்களில் வாவியைக் கடந்து, வயலோரத்தில் வாடி அமைத்து, அறுவடை முடியும்வரை அங்குத் தங்கி, பின் நெல்லோடு மீளுவர். வாடி முதலில் ஒரு பருவத்துக்குரிய குடிசை. வயலைக் காக்கவும் மாடுகளைப் பேணவும் ஒருவர் தங்கினார். அவர் குடும்பம் பின் வந்தது. ஒரு கிணறு, ஒரு கோயில், பின் ஒரு பள்ளி. படுவான்கரை ஊர்கள் பலவற்றின் பிறப்பு இதுவே. போடியாருக்கும் களத்தில் உழைப்போருக்கும் இடையே முல்லைக்காரன் நின்றான். நீரைப் பங்கிடும் பொறுப்பு வட்டவிதானைக்கு உரியது. எந்த வாய்க்காலுக்கு எந்நாள் நீர் விடுவது, யார் வரம்பு கட்டவில்லை, எவர் மாடு பயிரில் இறங்கியது என்பனவெல்லாம் அவர் தீர்ப்புக்கு உட்பட்டவை. ஒரு வட்டவிதானையின் நேர்மை கெட்டால் வாய்க்காலின் கடைசி வயல் காயும். நீதி என்பதற்கு இதனினும் தெளிவான அளவுகோலை நாம் நூல்களிற் கண்டதில்லை.

குளநீர் எட்டாத மேட்டு வயல்கள் முன்மாரிச் செய்கையை நம்பின. அஃதாவது வானத்தையே நம்பின. கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது வழக்குரை படிப்பதும், மழை பொய்த்தவிடத்து மழைக்காவியம் பாடுவதும், கொம்புமுறி ஆடுவதும் இந்நாட்டின் பண்டைய வழக்கங்கள். வானை நோக்குவார்க்கு அம்மனும் குளத்தை நோக்குவார்க்கு வட்டவிதானையும் என்று நகையாகச் சொல்லலாம். உண்மையில் ஒரே உழவன் இரண்டு இடத்திலும் கைகூப்பியே நின்றான். மழையில்லையேற் குளமுமில்லையன்றோ! களவெட்டியில் சூடு மிதிக்கும்போது நெல்லை நெல்லென்னாது பொலியென்றே கூறி, அங்கு மட்டும் வழங்கும் தனிச் சொற்களாற் பேசும் வழக்கும் இருந்தது. இயந்திரம் வந்தபின் களவெட்டியும் அரிதாயிற்று, அதன் மொழியும் ஒடுங்கிற்று.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நாட்டின் கண்களையெல்லாம் தெற்கே ஈர்த்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. வார்ட் முதலிற் திருத்திய குளங்கள் எல்லைக்கு அப்பாற் சென்றபின், எஞ்சிய மட்டக்களப்பு மாவட்டத்துக்கு உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி, நவகிரி முதலியனவே பெருங்குளங்களாயின. 1957ஆம் ஆண்டு மார்கழி வெள்ளமும், 1978 நவம்பர் 23ஆந் தேதி வீசிய பெரும்புயலும் படுவான்கரை முதியோர் தம் வயதைக் கணக்கிடும் எல்லைக்கற்கள்.

போர்க்காலத்தைப்பற்றி நீட்டி எழுதுதற்கு இம்மலர் இடமன்று. இரண்டொன்று கூறியே ஆகவேண்டும். 1990ஆம் ஆண்டுக்குப் பின் வாவியே இரண்டு ஆட்சிகளின் எல்லையாயிற்று. வலையிறவுத் துறையைக் கடப்பது ஒரு நாட்டிலிருந்து மறுநாட்டுக்குச் செல்வது போன்றதாயிற்று. உரமும் எரிபொருளும் தடைப்பட்டன, வயல்கள் தரிசாயின. உன்னிச்சைப் பகுதியில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் ஊரைவிட்டு நீங்கின. 2007இல் நிகழ்ந்த படை நடவடிக்கையின்போது படுவான்கரைத் தமிழ் மக்களும் பல்லாயிரவராய் வாவியைக் கடந்து முகாம்களில் ஒதுங்கினர். முன்னாளில் நெல்லோடு கடந்த வாவியை அப்போது வெறுங்கையோடு கடந்தனர். மீண்டு வந்தவர் முதலிற் செய்தது வாய்க்காலைத் துப்புரவாக்கியதே.

இப்போது நம் பொருளின் உயிர்நிலைக்கு வருகின்றோம். எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஓர் ஒடுங்கிய மணற்றிடர். அம்மணலுள் மழைநீர் தங்கி நன்னீர்க் கிணறுகளாய்ச் சுரந்தது. குடிசனம் பெருகப் பெருக அந்நீர் கெட்டது. 2004 டிசெம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளை உப்பாக்கிச் சென்றது. அதன்பின் நகருக்கும் கரையோர ஊர்களுக்கும் குடிநீர் எங்கிருந்து எடுப்பதென ஆராய்ந்தோர் உன்னிச்சைக்குளத்தையே தேர்ந்தனர். போர் முடிந்தபின், வவுணதீவில் அமைந்த சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாகக் குளநீர் வாவியைக் கடந்து நகரக் குழாய்களுக்கு வந்தது. 'காட்டுப்புறம்' என்று எழுவான்கரையார் ஒருகாலத்திற் கூறிய இடத்தின் நீரை இன்று நகரத்தார் காலையில் எழுந்தவுடன் பருகுகின்றனர்.

இஃது நற்செயலே. ஆயினும் குளத்தை அடுத்த ஊர்களின் நிலை யாது? குழாய் நகருக்குச் சென்ற பின்னரும் படுவான்கரை ஊர்கள் பல, கோடையில் பவுசர் வண்டி கொணரும் நீருக்காகக் குடங்களோடு காத்திருந்தன. குளக்கட்டுக்கு அண்மையிலிருப்போரே குடிநீர் கேட்டுக் குரலெழுப்ப நேர்ந்தது. காரணம் எளிது. இப்பகுதியின் நிலம் எழுவான்கரையைப் போன்ற மணலன்று, அடியிற் பாறையுடையது. கோடையிற் கிணறு வற்றும். நெல்லுக்கு வாய்க்கால் வழியே வரும் நீரைச் சுத்திகரியாது குடித்தல் இயலாது.

சிறுபஞ்சமூலம் பாடிய காரியாசான், குளம் வெட்டுதலின் அங்கங்களைக் கூறுமிடத்து, குளந்தோண்டுவதோடு நில்லாது, சூழ மரம் வைத்தலையும், வழியமைத்தலையும், வயலாக்குதலையும், ஈற்றிலே பொதுக்கிணறு அமைத்தலையும் சேர்த்து ஐந்தாக எண்ணினார். நீரைத் தேக்கியவன் குடிநீரையும் தனியே எண்ணிக் கொடுக்கவேண்டும் என்பது அவர் கருத்து. உன்னிச்சையிற் குளமுண்டு, கரையில் மருதமுண்டு, வழியும் வயலும் உண்டு. ஐந்தாவது உறுப்பு நெடுங்காலம் குறைபட்டிருந்தது. அது நிறைவுறும்போது வாவிக்கு அக்கரையில் முதலில் நிறைவுற்றது.

நகரத்தார் இதனைத் தமக்குப் புறம்பான செய்தியாகக் கருதுவதற்கில்லை. மாரியிற் குளம் வான்பாய்ந்தால் அந்நீர் படுவான்கரை வயல்களை மூடி வாவியில் இறங்கும். வாவி நீர் உயரும். கடல்வாயை அடைத்து நிற்கும் மணற்றிட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறக்குமாறு வேளாளர் வேண்டுவர். இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடுமென வாவி மீனவர் தயங்குவர். 2011ஆம் ஆண்டுத் தை மாதத்துப் பெருவெள்ளத்தில் இருகரையும் ஒருங்கே நீரில் நின்றன. கோடையிலோ கணக்கு வேறு. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில், குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்தே தீர்மானிப்பர். முன்பு அம்மட்டத்தைப் பங்கிட வேண்டியவர் வாய்க்காலின் தலைவயலாரும் கடைவயலாருமாக இருவரே. இப்போது நகரக் குழாயும் மூன்றாவது பங்காளியாய் வந்து நிற்கின்றது. அதற்கு வட்டவிதானை இல்லை.